எச்பி மைக்ரோசர்வர் ஜென்8: நாலு டிஸ்க் அறையும் (பே) நிறைஞ்சாச்சு, இன்னும் டிஸ்க் எங்கே மாட்டுவது?

நிழற்படம் (கும்பகோணம்)

வணக்கம். அப்பாவின் ஸ்டுடியோவில் எடுக்கிற கல்யாண வீடியோ மொத்தமும் ஒரு எச்பி மைக்ரோசர்வர் ஜென்8-ல் (சின்ன சர்வர் பெட்டி) தான் சேர்கிறது. செலரான் ஜி1610டி, 16 ஜிபி இசிசி ரேம். நாலு பேயிலும் 4 டிபி டிஸ்க், நாலும் சேர்ந்து ஒரே இசட்எஃப்எஸ் பூல் (சேமிப்புத் தொகுப்பு). ரெய்டு-இசட்1, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். ஓஎஸ் டெபியன். மதர்போர்டு மேலேயே இருக்கிற யுஎஸ்பியில் ஒரு பென்டிரைவைச் சொருகி அதிலிருந்து பூட் செய்கிறேன்.

பூல் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 4கே, 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ரிசப்ஷன் முகூர்த்தம் சேர்த்து ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணம் 540 ஜிபி. ஆல்பம் கொடுத்த பிறகும் உடனே அழிக்க முடியாது. "எங்க பெரியப்பா மொய் எழுதின இடம் மட்டும் தனியா வேணும்" என்று ஆறு மாதம் கழித்து வந்து நிற்பார்கள்.

கையில் இன்னும் இரண்டு 4 டிபி டிஸ்க் சும்மா கிடக்கிறது. ஓபன் இசட்எஃப்எஸ் 2.3-ல் ரெய்டு-இசட்டுக்கு ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கும் வசதி வந்துவிட்டது (2025 ஜனவரி). அதனால் இதே பூலை ஆறு டிஸ்க் ஆக்கலாம் என்று ஆசை. பென்டிரைவைத் தூக்கிவிட்டு ஒரு எஸ்எஸ்டியும் போடணும். ஆக மூன்று சாட்டா போர்ட் (டிஸ்க் வயர் சொருகும் இடம்) கூடுதலாக வேணும். இருப்பது டிவிடி டிரைவுக்கான ஐந்தாவது போர்ட் ஒன்று, கார்டு சொருகும் காலி பிசிஐஇ ஸ்லாட் ஒன்று. ஆன்லைனில் 6 போர்ட், 10 போர்ட், 20 போர்ட் என்று கார்டுகள் குவிந்து கிடக்கின்றன. எதை வாங்கலாம்?

கம்பியர் (சென்னை)

20 போர்ட் கார்டைப் பார்த்து மயங்காதீங்க பாஸ். போர்ட் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க, கார்டுல என்ன சிப் இருக்குன்னு பாருங்க.

ஏஎஸ்எம்1064: பிசிஐஇ 3.0-ல ஒரு லேன் (டேட்டா ஓடுற பாதை), நாலு போர்ட். ஏஎஸ்எம்1166: ரெண்டு லேன், ஆறு போர்ட். ஜேஎம்பி585: ரெண்டு லேன், அஞ்சு போர்ட். இந்த மூணும் உள்ளதை உள்ளபடி சொல்ற சிப். இந்த மாதிரி மலிவுக் கார்டுல இதுக்கு மேல போர்ட் இருந்தா பெரும்பாலும் உள்ளே ஜேஎம்பி575 மாதிரி போர்ட் மல்டிபிளையர் ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு சாட்டா லைனை அஞ்சாப் பிரிக்கும். ஒரே குழாயில அஞ்சு குடம் வரிசை கட்டின மாதிரி. சும்மா படம் பார்க்க ஓடும். இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படிச்சுச் சரிபார்க்கிறது) அஞ்சு டிஸ்க்கையும் ஒரே நேரத்துல இழுக்கும்போது ஒரு டிஸ்க் பதில் சொல்லத் திணறினா மல்டிபிளையர் ரீசெட் ஆகும், அஞ்சும் சேர்ந்து காணாமப் போகும். டிஸ்க் செத்துப்போச்சுன்னு நீங்க தலைல கை வைப்பீங்க. டிஸ்க் நல்லாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு. ஜென்8 ஸ்லாட் பார்க்க 16 லேன் நீளம், ஆனா பிசிஐஇ 2.0. லேனுக்கு விநாடிக்கு 500 எம்பி. ஏஎஸ்எம்1166 போட்டா ரெண்டு லேன், ஏட்டில 1000 எம்பி, கையில அதுக்கும் கொஞ்சம் கம்மி. ஆறு டிஸ்க்கும் முழு மூச்சுல ஓடினா தலைக்கு 140 சொச்சம். உங்க நெட்வொர்க் ஒரு கிகாபிட், அதுல போறதே 115 எம்பி கிட்டத்தான். ஸ்க்ரப் கொஞ்சம் மெதுவா முடியும், அவ்ளோதான்.

பழையஇரும்பு (மதுரை)

சீப்பான சாட்டா கார்டு எதுக்கு? அந்த ஸ்லாட்ல எட்டு லேன் கார்டு உக்காரும். சர்வர்ல இருந்து கழட்டின எல்எஸ்ஐ எச்பிஏ (டிஸ்க்குகளை இணைக்கிற சர்வர் கார்டு) ஒண்ணு வாங்கிப் போடுங்க. 9211-8ஐ (எஸ்ஏஎஸ்2008 சிப்) இல்லாட்டி 9207-8ஐ (எஸ்ஏஎஸ்2308). எச்பி எச்220-ன்னு விக்கிறதும் 2308 தான். எட்டு போர்ட், ஒவ்வொண்ணும் முழு 6 கிகாபிட்.

வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஐடி மோடு ஃபெர்ம்வேர் (ரெய்டு பண்ணாம டிஸ்க்கை அப்படியே காட்டுறது) இருக்கணும். ரெய்டு ஃபெர்ம்வேரோட வந்தா மாத்தணும், பதிப்பு 20.00.07.00. இந்த 20-வது பதிப்புல (பி20) முதல்ல வந்ததுல கோளாறு இருந்துச்சு, அதனால கடைசி 07 தான் வேணும். ஜென்8-ல யூஇஎஃப்ஐ கிடையாது, பழைய பயாஸ் தான். அதுவும் நல்லதுக்குத்தான், டாஸ் பென்டிரைவ்லயே ஃபிளாஷ் பண்ணிடலாம். ரெண்டு, பிராக்கெட். சர்வர்ல இருந்து வர்ற கார்டுல உசரமான பிராக்கெட் இருக்கும், ஜென்8-க்குக் குட்டை பிராக்கெட் வேணும். கடைக்காரர் "அது இல்லாட்டியும் நிக்கும் தம்பி"ம்பாரு. நிக்காது. கேபிளோட கனத்துல கார்டு சாயும். மூணு, 1068இ சிப் போட்ட இன்னும் பழைய கார்டு ரொம்ப மலிவாக் கிடைக்கும், தொடாதீங்க. 2 டிபிக்கு மேல அதுக்குக் கண்ணு தெரியாது.

இதுக்கு முந்தின மைக்ரோசர்வர் என்54எல் வச்சிருந்தவங்களுக்கு இந்தக் கவலையே இல்ல. பின்னாடி இருக்கிற இ-சாட்டாவை உள்ளே இழுத்து, மாத்தின பயாஸ் ஒண்ணு ஏத்தினா ஆறு டிஸ்க் ஓடும். அது ஒரு காலம்.

ஜீரோபைட் (பெங்களூரு)

எல்லாரும் போர்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வியே தப்பு என்பது என் கருத்து. இரண்டு 4 டிபி சேர்த்தால் என்ன கிடைக்கும்? 8 டிபி. அவர் கணக்கிலேயே ஒரு கல்யாணம் 540 ஜிபி என்றால் 8 டிபி என்பது 14 கல்யாணம். தை, மாசி இரண்டு மாதத்தில் நிறைந்துவிடும். பிறகு பங்குனியில் இதே இழையில் வந்து "ஏழாவது டிஸ்க் எங்கே மாட்டுவது" என்று கேட்பார்.

நாலு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு 16 டிபி போடுங்கள். ஒன்றை மாற்றி, ரீசில்வர் (புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி எழுதுவது) முடிந்ததும் அடுத்தது. நாலாவது முடிந்த பிறகு பூல் தானே விரியும் (ஆட்டோஎக்ஸ்பாண்டை முன்னாடியே ஆன் செய்ய வேண்டும்). போர்ட்டும் வேண்டாம், கார்டும் வேண்டாம், கரண்ட் பில்லும் ஏறாது.

நிழற்படம்

ஜீரோபைட் சார், சொல்வது சரி. நாலு 16 டிபி புதுசாக வாங்குகிற காசுக்கு இன்னொரு கேமரா பாடியே வந்துவிடும், அப்பா கேமராவைத்தான் கேட்பார். கையில் இருக்கும் டிஸ்க்கை வைத்து அடுத்த சீசனைத் தள்ளினால் போதும். பெரிய டிஸ்க் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம்.

பழையஇரும்பு அண்ணா, எச்பிஏ போட்டால் அந்த இரண்டு டிஸ்க்கைப் பெட்டிக்குள் எங்கே வைப்பது? மேலே டிவிடி இடத்தில் ஒரு 3.5 அங்குல டிஸ்க் படுக்குமா?

கோவை_வைண்டர் (கோயம்புத்தூர்)

தம்பி, இடத்தை அப்புறம் பாருங்க. முதல்ல பவரைப் பாருங்க. எனக்கு மோட்டார் வேலைங்க, கம்ப்யூட்டர் பொழுதுபோக்கு. அதனால எதையும் ஸ்டார்ட்டிங் கரண்ட்ல இருந்துதான் பார்ப்பேன்.

ஜென்8 பவர் சப்ளை 150 வாட்டுங்க. 3.5 அங்குல டிஸ்க் ஓடிட்டு இருக்கும்போது 6, 7 வாட் தான் எடுக்கும். ஆனா நின்னுட்டு இருக்கிற தட்டைச் சுத்த வைக்கிற அந்தச் சில விநாடி 12 வோல்ட்ல 2 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதாவது 24 வாட். நாலு டிஸ்க்கும் ஒண்ணாக் கிளம்புனா 96. போர்டு, ரேம், சிபியு, விசிறிக்கு ஒரு 40 வைங்க. 136 ஆச்சு. இப்பவே விளிம்புல தான் நிக்கறீங்க. இதுக்கு மேல எச்பிஏ ஒரு 10 வாட், ரெண்டு டிஸ்க் 48. மொத்தம் 190 தாண்டிருது.

"நான் ஆறு டிஸ்க் போட்டு ஓட்டறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு நாலு பேர் வருவாங்க. ஆகாதுங்க, சப்ளை புதுசா இருந்தப்போ. ஜென்8 வந்தது 2013-ல. கெப்பாசிட்டர் எல்லாம் அந்த வயசு. நம்ம ஊர்ல கரண்ட் போயிட்டுப் போயிட்டு வரும், ஒவ்வொரு தடவையும் ஆறு டிஸ்க்கும் ஒண்ணாக் கிளம்பும்.

கம்பியர்

வைண்டர் சார் சொல்றதுல ஒரு சின்ன விஷயம். எச்பிஏ-ல ஸ்டாகர்ட் ஸ்பின்-அப் இருக்கு, ஒண்ணு கிளம்பின அப்புறம் அடுத்தது. அதை ஆன் பண்ணா ஸ்டார்ட்டிங் லோடு குறையுமே?

கோவை_வைண்டர்

குறையுங்க, டிஸ்க் கேட்டா. சாட்டா பவர் கனெக்டர்ல 11-வது பின் இருக்குது பாருங்க, அது கிரவுண்டோட சேர்ந்திருந்தா பவர் வந்த உடனே டிஸ்க் சுத்தும், கார்டு என்ன சொன்னாலும் காத்திருக்காது. அதைத் தொங்கல்ல விட்டா மட்டும்தான் கார்டு கூப்பிடற வரைக்கும் நிக்கும். கடையில கிடைக்கிற பவர் கேபிள்ல பெரும்பாலும் அஞ்சு கம்பி, இல்லாட்டி நாலு கம்பி. அந்தப் பின்னைக் கிரவுண்டுலயே சேர்த்து அடிச்சிருப்பான். மல்டிமீட்டர் வெச்சு பாத்துக்கோங்க.

இன்னொண்ணுங்க. ஜென்8-ல டிவிடிக்குன்னு வர்ற பவர் கனெக்டர் ஃப்ளாப்பி டிரைவுக்கு வந்த அந்தச் சின்ன நாலு பின். மெல்லிசுக் கம்பி. அதுல ஒரு எஸ்எஸ்டி, மிஞ்சிப் போனா ரெண்டு. அதுல ஸ்ப்ளிட்டர் போட்டு 3.5 அங்குல டிஸ்க்கைத் தொங்க விட்டறாதீங்க. மோலெக்ஸ்-சாட்டா கன்வர்ட்டர் வாங்குனாலும் பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்துன மாதிரி ஒரே கட்டியா இருக்கறது வேண்டாம். உள்ள கம்பி நகர்ந்து 12 வோல்ட்டும் கிரவுண்டும் தொட்டுக்கும், கருகும். கம்பி ஒவ்வொண்ணும் தனியா அழுத்திப் பின்னாடி மூடி போட்டது வருது, அது வாங்குங்க. எங்க தெருவுல ஒரு டிடிபி கடையில இப்படி உருகுன கனெக்டரை நானே கழட்டி எடுத்தேன், டிஸ்க் பின்னோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

யாழ்_வன்தட்டு (ஸ்கார்பரோ, கனடா)

தம்பி, நானும் ஒரு ஜென்8 வச்சிருக்கிறன். ஒருத்தரும் சொல்லாத விசயம் ஒண்டு இருக்குது.

உங்கட நாலு பேயும் மதர்போர்ட்டிலை நாலு சாட்டாவாப் போகேல்லை. பின்னால டிஸ்க்குகள் குத்துற பேக்பிளேன் பலகையிலை இருந்து ஒரே ஒரு தடிச்ச வயர் வந்து மதர்போர்ட்டிலை மினி-சாஸ் சொக்கெட்டிலை, எஸ்எஃப்எஃப்-8087 எண்டு சொல்லுவினம், குத்துது. அந்த வயரைக் கழட்டி எச்பிஏ கார்ட்டிலை குத்திவிடலாம். நீளம் காணும்.

அப்பிடிச் செய்தா என்ன லாபம் எண்டு பாருங்கோ. மதர்போர்ட்டிலை முதல் ரெண்டு பே மட்டும்தான் 6 கிகாபிட், மற்ற ரெண்டும் டிவிடி போர்ட்டும் 3 கிகாபிட். கார்ட்டுக்கு மாத்தினால் நாலும் 6. சுத்துற டிஸ்க்குக்கு அது பெரிய வித்தியாசம் இல்லைத்தான். ஆனா பூட் பிரச்சினை தீரும். ஜென்8-ஐ ஏஎச்சிஐ-யிலை (ரெய்டு இல்லாத சாதாரண சாட்டா மோட்) விட்டால் பேயிலை டிஸ்க் இருக்குமட்டும் பயாஸ் டிவிடி போர்ட்டிலை இருந்து பூட் பண்ணாது, முதலாம் பேயைத்தான் பிடிக்கும். எல்லாரும் அதுக்காகத்தான் யுஎஸ்பியிலையோ மைக்ரோ எஸ்டியிலையோ கிரப்பை (ஓஎஸ்ஸைத் தொடக்கி வைக்கிற புரோகிராம்) வச்சுக்கொண்டு சுத்தி வருகினம். பேயெல்லாம் கார்ட்டுக்குப் போனால் மதர்போர்ட்டிலை மிஞ்சிறது உங்கட எஸ்எஸ்டி ஒண்டுதான். வேற வழியில்லாமல் அதைத்தான் பூட் பண்ணும். கார்ட்டிலை பூட் ரொம் ஏத்தாமல் விடுங்கோ, அப்ப ஸ்டார்ட் ஆகிறதும் கெதி.

எஸ்எஸ்டி மதர்போர்ட்டிலையே இருக்கிறது நல்லம். இந்த எல்எஸ்ஐ கார்ட்டுகளுக்குப் பின்னால சில எஸ்எஸ்டிக்கு ட்ரிம் (அழிச்ச இடம் எதெண்டு எஸ்எஸ்டிக்குச் சொல்லுறது) வேலை செய்யாது.

பழையஇரும்பு

அண்ணே, அதோட இன்னொண்ணு. வயரைக் கார்டுக்கு மாத்தினதும் மதர்போர்டுல அந்த 8087 சாக்கெட் காலி. அதுல ஒண்ணுக்கு நாலு பிரியிற கேபிள் போட்டா இன்னும் நாலு சாட்டா. கேபிள் வாங்கும்போது ஃபார்வர்ட் பிரேக்அவுட் தான் கேக்கணும். ரிவர்ஸ்னு ஒண்ணு இருக்கு, பார்த்தா அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ஆனா திசை மாறி. மாட்டினா டிஸ்க் தெரியவே தெரியாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேபிளைக் கையில குடுத்துட்டு "ரெண்டும் ஒண்ணுதான் சார்"னு சொல்ற கடை உண்டு.

தெரியாத்தனமா (திருநெல்வேலி)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு வம்பு எதற்கு, யுஎஸ்பி 3.0-ல் நாலு டிஸ்க் போடும் பெட்டி விற்கிறதே? ஜென்8 பின்னாடி இரண்டு யுஎஸ்பி 3.0 போர்ட் இருக்கிறது. சொருகினால் முடிந்தது.

கம்பியர்

பேக்கப்புக்குன்னா தாராளமா. 24 மணி நேரமும் ஓடுற இசட்எஃப்எஸ் பூலுக்கு வேணாம். நாலு டிஸ்க்குக்கும் பெட்டிக்குள்ள ஒரே யுஎஸ்பி சிப். அது ஒரு தடவை ரீசெட் ஆனா நாலும் ஒண்ணாப் போகும், பூல் அங்கேயே நிக்கும். சில பெட்டி நாலு டிஸ்க்குக்கும் ஒரே சீரியல் நம்பர் காட்டும், ஸ்மார்ட் விவரமும் (டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்ற பட்டியல்) வராது. டிஸ்க் சாகப்போகுதுன்னு உங்களுக்குச் சொல்றதுக்கே ஆள் இருக்காது.

ஜீரோபைட்

சரி, எச்பிஏ என்றே வைத்துக்கொள்வோம். 3.5 அங்குலத்துக்கு உள்ளே பவர் போதாது என்று வைண்டர் சொல்லிவிட்டார். சிலர் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சொல்லக்கூடும், அது 5 வோல்ட்டில் மட்டும் ஓடும், கிளம்பும்போதும் 5 வாட் கிட்டத்தான். ஆனால் 4, 5 டிபி 2.5 அங்குல டிஸ்க்குகள் 15 மி.மீ. தடிமன், எஸ்எம்ஆர் தொழில்நுட்பம் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவது). ரெய்டு-இசட்டில் எஸ்எம்ஆர் போட்டால் ரீசில்வர் இழுத்துக்கொண்டே போகும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல் எஸ்எம்ஆர் என்று ஒத்துக்கொண்டபோது எவ்வளவு ரகளை நடந்தது என்று இங்கே பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். நிழற்படம், உங்கள் 4 டிபி டிஸ்க்குகளின் மாடல் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். ஈஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தால் எஸ்எம்ஆர்.

ஆக மிஞ்சுவது வெளிப்பெட்டி.

யாழ்_வன்தட்டு

ஓம், வெளிப்பெட்டிதான். அதுக்கெண்டே ஒரு கார்ட் இருக்குது: எல்எஸ்ஐ 9207-4ஐ4இ. உள்ளுக்கு ஒரு 8087, பின்பக்கம் வெளியால ஒரு எஸ்எஃப்எஃப்-8088. ஜென்8-க்கு அளந்து வெட்டினது போல. உள் சொக்கெட்டிலை பேக்பிளேன், வெளி சொக்கெட்டிலை இருந்து வயர் எடுத்து வெளிப்பெட்டியிலை நாலு டிஸ்க். அங்க தனிப் பவர் சப்ளை. உங்கட 150 வாட்டிலை கார்ட்டுக்கான அந்த 10 வாட் மட்டும்தான் கூடும்.

வெளி வயர் ஒரு மீட்டருக்கு மேல வேண்டாம். சாஸ் டிஸ்க் (சர்வர் வகை) எண்டால் நீளமாப் போகலாம், சாட்டா சிக்னல் அவ்வளவு தூரம் தாங்காது.

நிழற்படம்

இது பிரமாதம். வெளிப்பெட்டிக்குப் பழைய ஏடிஎக்ஸ் கேபினெட் ஒன்று ஸ்டுடியோ பரணில் இருக்கிறது, 450 வாட் சப்ளையோடு. அதில் மதர்போர்டு இல்லாமல் சப்ளையை ஆன் செய்ய முடியுமா? பிறகு ரெய்டு-இசட்டை ஆறாக விரித்துவிடலாம், நாலு உள்ளே, இரண்டு வெளியே.

கோவை_வைண்டர்

முடியுங்க. 24 பின் கனெக்டர்ல பச்சை ஒரே ஒரு கம்பி, 16-வது பின். அதைப் பக்கத்துக் கறுப்போட சேர்த்தா சப்ளை ஆன். கம்பித் துண்டைச் சொருகி விட்டறாதீங்க, நாளைக்குப் பெருக்கும்போது கை பட்டு வெளிய வந்துரும். ரெண்டு முனையிலயும் டப்பா சுவிட்ச் ஒண்ணு போட்டு இன்சுலேஷன் பண்ணிருங்க. பரண்ல இருந்த சப்ளைன்னா முதல்ல டிஸ்க் இல்லாம ஆன் பண்ணி 12-ம் 5-ம் சரியா வருதான்னு மீட்டர்ல பாருங்க.

ஜீரோபைட்

> ரெய்டு-இசட்டை ஆறாக விரித்துவிடலாம், நாலு உள்ளே, இரண்டு வெளியே

இதைச் செய்யவே செய்யாதீர்கள். ரெய்டு-இசட்1 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. வெளிப்பெட்டியின் பிளக்கை யாராவது பிடுங்கினால், வயர் லூசானால், அந்த 450 வாட் சப்ளை படுத்தால், ஒரே நொடியில் இரண்டு டிஸ்க் போகும். பூல் அந்த இடத்திலேயே சஸ்பெண்ட் ஆகும். பெரும்பாலும் திரும்ப மாட்டினால் மீண்டுவிடும். ஆனால் எடிட்டிங் நடுவில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஒரு பூலின் டிஸ்க்குகள் ஒரே பவர் சப்ளையில் இருக்கட்டும். வெளிப்பெட்டியில் அந்த இரண்டையும் தனி மிரர் பூலாக (இரண்டிலும் ஒரே டேட்டா) போடுங்கள். இடம் 8-க்குப் பதில் 4 டிபி தான் கிடைக்கும், தெரிந்தே சொல்கிறேன். டெலிவரி முடிந்த பழைய கல்யாணங்களை அங்கே தள்ளுங்கள், உள்ளே இருக்கும் பூல் லேசாகும். இன்னொரு விஷயம்: ரெய்டு-இசட்டை விரித்தால் திரும்பச் சுருக்க முடியாது. மிரரை எப்போது வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். பிற்பாடு பெரிய டிஸ்க் வாங்கும்போது இரண்டு மட்டும் வாங்கி இந்த மிரரிலேயே மாற்றலாம், நாலு வாங்கத் தேவையில்லை.

பழையஇரும்பு

ஜீரோபைட் சொன்னதுல இதுவரைக்கும் நான் ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான். 😀

4ஐ4இ கார்டு சுலபமாச் சிக்காது. கிடைக்கலைன்னா 9207-8இ (ரெண்டும் வெளிய) வாங்கிட்டு பேக்பிளேனை மதர்போர்டுலயே விட்டுடலாம். ஆனா அப்போ யாழ் அண்ணன் சொன்ன பூட் வித்தை போயிடும், கிரப் பென்டிரைவ் இருந்தாகணும்.

சூட்டையும் கவனிங்க. இந்தக் கார்டெல்லாம் காத்து வேகமா ஓடுற ரேக் சர்வருக்குச் செஞ்சது. ஜென்8-ல பின்னாடி ஒரே விசிறி, அதுவும் பெரும்பாலும் டிஸ்க் பக்கம்தான் இழுக்கும். ஹீட்சிங்க்ல பேஸ்ட் காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி இருக்கும், கழட்டித் தொடச்சுப் புதுசு தடவுங்க. ஒரு 40 மி.மீ. விசிறியை அது மேல திருகி விட்டா நிம்மதி.

நடத்துநர்

கார்டு விற்பவர்களின் எண்களைப் பொதுவில் போட வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். விற்க வாங்க தனிப் பிரிவு இருக்கிறது.

கம்பியர்

நிழற்படம், ஒண்ணு கேக்க மறந்துட்டேன். இதை ப்ராக்ஸ்மாக்ஸ்ல (ஒரே பெட்டியில பல விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓட்டுற ஓஎஸ்) போட்டு, கார்டை விஎம்முக்குள்ள நேரடியாக் குடுக்கிற எண்ணம் எதுவும் இருக்கா? இருந்தா இப்பவே விட்டுடுங்க. அதுக்கு வேண்டிய விடி-டி வசதி ஜி1610டி-ல கிடையாது. ஜியான் இ3 மாத்தினாலும் ஜென்8 பயாஸ் பிசிஐஇ ஸ்லாட்டுக்கு ஆர்எம்ஆர்ஆர்னு ஒரு மெமரிப் பகுதியைப் பிடிச்சு வச்சிருக்கும், லினக்ஸ் கெர்னல் அதைப் பார்த்துட்டு "குடுக்க மாட்டேன்"னு நிக்கும். கெர்னல் பேட்ச் பண்ணித்தான் தாண்டணும்.

நிழற்படம்

விஎம் எதுவும் இல்லை சார், வெறும் டெபியன், ஃபைல் பகிர சாம்பா. ஆடி பிறந்ததும் வேலை குறையும், அப்போது செய்கிறேன். டிஸ்க் மாடல் பார்த்தேன், ஆறும் சிஎம்ஆர் (எஸ்எம்ஆர் அல்லாத வகை) தான்.

நிழற்படம்

முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன், இதே பெட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

9207-4ஐ4இ செகண்ட் ஹேண்டில் கிடைத்தது, குட்டை பிராக்கெட்டோடு. பேஸ்ட் பழையஇரும்பு அண்ணா சொன்னபடியே பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஃபெர்ம்வேரை டாஸில் 20.00.07.00 ஆக்கி, பூட் ரோம் ஏற்றாமல் விட்டேன். பேக்பிளேன் வயரை மதர்போர்டிலிருந்து எடுக்க போர்டு தட்டையே வெளியே இழுக்க வேண்டியிருந்தது. 8087-ன் பக்கத்தில் இருக்கும் இரும்பு நாக்கை அமுக்கிக்கொண்டே இழுக்கணும், சும்மா இழுத்தால் வராது. எஸ்எஸ்டி டிவிடி போர்ட்டில். யாழ் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது, பயாஸில் எதையும் தொடாமல் எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆனது. பழைய பூலை இம்போர்ட் செய்ததும் நாலு டிஸ்க்கும் வந்துவிட்டது. இசட்எஃப்எஸ் டிஸ்க்கின் மேல் எழுதியிருக்கும் லேபிளைப் படிப்பதால் எந்த வயரில் வந்தாலும் அதற்குக் கவலையில்லை.

வெளிப்பெட்டியில் ஒரு டிஸ்க் தொல்லை கொடுத்தது. காப்பி போகும்போது வேகம் திடீர் திடீரென்று விழும். ஸ்மார்ட்டில் 199-வது வரி, சிஆர்சி எர்ரர், ஏறிக்கொண்டே இருந்தது. மற்ற வரிகள் எல்லாம் சுத்தம். டிஸ்க்கை மாற்றிப் போட்டுப் பார்த்தால் கோளாறு டிஸ்க்கோடு போகவில்லை, வயரோடு போனது. பிரிந்து வரும் நாலு முனையில் மூன்றாவது. அதை விட்டுவிட்டு நாலாவதில் மாட்டியிருக்கிறேன், எண்ணிக்கை அதே இடத்தில் நிற்கிறது.

கோவை_வைண்டர்

நல்லதுங்க. அந்த எண் பழையபடி பூஜ்யத்துக்கு வராது, ஏறாம இருந்தா போதும். ரெண்டு பெட்டியும் ஒரே யுபிஎஸ்-ல இருக்குதா? ஆன் பண்ணும்போது வெளிப்பெட்டி முதல்ல, டிஸ்க் சுத்துற சத்தம் வந்த அப்புறம் சர்வர். அணைக்கும்போது சர்வர் முதல்ல. வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டறதா இருந்தா பின்னாடி இருக்கிற சுவிட்சை யுபிஎஸ் மோடுல வைங்க, மற்றதுல மாறுற நேரம் அதிகம், சர்வர் ரீஸ்டார்ட் ஆயிரும்.

நிழற்படம்

இரண்டும் ஒரே யுபிஎஸ். ஆன் செய்யும் வரிசையை எழுதிப் பெட்டி மேல் ஒட்டிவிட்டேன், கடைப் பையன் திறக்கிற நாளும் உண்டு.

ஜீரோபைட்

ஒன்று மட்டும். வெளிப்பெட்டியில் இருப்பது பழைய கல்யாணங்களின் ஒரே பிரதி என்றால் அது பேக்கப் இல்லை, மிரராக இருந்தாலும். ஒரு இடி விழுந்தால் இரண்டு பெட்டியும் ஒரே வயரில் தான் இருக்கின்றன. தெரியாத்தனமா சொன்ன யுஎஸ்பி பெட்டி அதற்குத்தான் சரி: வாரம் ஒருமுறை சொருகி, காப்பி செய்து, கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

தெரியாத்தனமா

அப்பாடா, என் யோசனைக்கும் ஒரு இடம் கிடைத்தது. இதே இழையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது பழைய ஆபீஸ் மினி பிசி, உள்ளங்கை அகலம் தான். பிசிஐஇ ஸ்லாட் இல்லை, எம்.2 ஸ்லாட் மட்டும். எம்.2-ல் சொருகி ஆறு சாட்டா தரும் கார்டு விற்கிறதே, அது ஓடுமா?

கம்பியர்

ஓடும், ஸ்லாட் என்விஎம்இ-ன்னா. எம்.2 வடிவத்துல இருந்தாலும் சில ஸ்லாட் சாட்டா எஸ்எஸ்டிக்கு மட்டும், அதுல பிசிஐஇ லேனே வராது, கார்டு உசுரோட இருக்கிறதே தெரியாது. வைஃபை ஸ்லாட்டும் ஒரு வகை எம்.2 தான், ஆனா சாவி (பின் வரிசையில இருக்கிற வெட்டு) வேற, லேனும் ஒண்ணுதான். என்விஎம்இ-ன்னா ஏஎஸ்எம்1166 வாங்குங்க. ஜேஎம்பி585-ம் ஓடும், ஆனா அது இருந்தா சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது, சும்மா இருக்கும்போதும் சில வாட் கூடுதலா எரியும். 1166-லயும் பழைய ஃபெர்ம்வேரோட வந்தா அதே கதை, புதுசு ஏத்திக்கணும்.

அந்தக் கார்டு மெல்லிசு. ஆறு சாட்டா வயரும் ஒரே பக்கம் இழுக்கும்போது வளையும், வயரை முதல்லயே கேஸ்ல கட்டிடுங்க. டிஸ்க்குக்குப் பவர் அந்த மினி பிசி அடாப்டர்ல இருந்து எடுக்க முடியாது, மேல வைண்டர் சொன்ன பச்சைக் கம்பி கதைதான் உங்களுக்கும். மாடல் பேரும் ஸ்லாட்டோட போட்டோவும் தனி இழைல போடுங்க, பார்த்துச் சொல்றேன்.